குனிந்து வரச் சொல்லும் கதவு

பிரபு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "சைட்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று காத்திருக்க இங்கே நேரம் இல்லை. செங்கல் வந்து இறங்கிவிட்டது. மணலும் கொட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார் என்று வாட்ச்மேன் சொல்கிறான். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் ஊரறிய எழுதுகிறேன். நீ படிக்காவிட்டாலும் உன் பார்ட்னர் எவனாவது படித்துவிட்டு, "இன்னாடா, உங்கம்மா இப்படி எழுதி வெச்சிருக்காங்க" என்று உன்னைக் கேட்கட்டும். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு அந்தச் சுவர் எழும்பக் கூடாது, அவ்வளவுதான்.

தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். ஆம்பூர் தாண்டி, ஹைவேயை ஒட்டி என் மகன் ஒரு நகர் போட்டிருக்கிறான். நல்ல நகர்தான், குறை சொல்ல மாட்டேன். தார் ரோடு, தெரு விளக்கு, வேப்பங்கன்று, முகப்பில் பெரிய வளைவு. நகருக்குப் பின்னால் காலனி. காலனிக்குப் பின்னால் ரயில் தண்டவாளம். காலனி என்று நாம் சொல்லும்போதே யாரைச் சொல்கிறோம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மனை வாங்க வருகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். அங்கே பாதி வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து நிற்கும். அவர்கள் பஸ்ஸுக்குப் போகிற வழி, இது வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த நாளிலிருந்து, நீ நகர் போட்டிருக்கிற இந்த நிலத்தின் நடுவாகத்தான். எங்களுக்கு நீ ஆசையாகக் கட்டிக் கொடுத்தது நகரின் கடைசி வீடு. "பின்னாடி காலி, நல்லா காத்து வரும்மா" என்றாய். காற்று வந்தது. அதோடு காலையும் மாலையும் அந்தப் பெண்களும் எங்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரிட்டயர் ஆன நர்ஸுக்கு வேடிக்கை பார்க்க வேறு என்ன இருக்கிறது?

அவர்களில் சுமதி என்று ஒருத்தி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். கேட்டருகே வந்ததும், "அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு? வாசனை பஸ் ஸ்டாப் வரிக்கும் வந்து என்னை இஸ்துகினு போவுது" என்பாள். உன் அப்பாவைப் பார்த்து, "போஸ்ட்மேன் சார், எனக்கு லெட்டர் ஏதாவது?" என்பாள். உன் அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலனியில் அவர் நுழையாத வீடு கிடையாது. வயசானவர்களுக்குப் பென்ஷன் பணத்தைக் கையில் கொடுத்து, கடிதம் வந்தால் படித்துக் காட்டி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வருவார். யார் பெண்ணை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நாட்றம்பள்ளியா காவேரிப்பாக்கமா என்பது வரை தெரியும். அப்படிப்பட்ட மனுஷனைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நீ கெட்ட எண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலனிப் பையன்களும் நகர்ப் பையன்களும் அந்த வழியில் பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தார்கள், ஒரு குழந்தைக்கு அடிபட்டது, எல்லாரும் உன்னிடம் வந்து கத்தினார்கள். நீ பின் எல்லையில் தகரம் அடித்தாய். ஆட்கள் மட்டும் வரட்டும் என்று தகரத்தில் ஒரு சின்னக் கதவு வைத்தாய். பைக் நுழையக் கூடாது என்று அதைக் குள்ளமாகவும் குறுகலாகவும் வைத்து, கீழே ஒரு இரும்புப் பட்டையும் வைத்தாய். "பார்த்தியாம்மா, சிம்பிள் சொல்யூஷன்" என்று என்னிடம் காட்டினாய். நானும் சரிதான் என்று தலையாட்டினேன். அந்தக் கதவில் எவ்வளவு குட்டையானவரும் குனிந்துதான் வர வேண்டும், பட்டையைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டும், பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் நாள் முழுக்க போர்ட்டிகோவில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. நேற்று வரை நிமிர்ந்து, கையை வீசி, சிரித்துப் பேசிக்கொண்டு வந்த பெண்கள் இப்போது ஒவ்வொருத்தியாகக் குனிந்து வெளியே வருகிறார்கள். வந்ததும் நிமிர்ந்து ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். முந்தானையைச் சரி செய்கிறார்கள். மேலே நீ வைத்த கேமராவைப் பார்த்ததும் நடையை எட்டிப் போடுகிறார்கள். ஒரு ஆள் குனிந்து, பையை அணைத்துக்கொண்டு, ஓட்டையிலிருந்து வெளியே வந்து சுற்றும் முற்றும் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? திருட்டு முழி முழிக்கிறான் என்றுதான் தோன்றும். அவர்கள் முழியில் தப்பில்லை. நாம்தான் அவர்களை அப்படி வரச் செய்துவிட்டு, அப்படி வருகிறார்களே என்று பார்க்கிறோம். சுமதி குழம்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நானே கூப்பிட்டு, "இன்னாடி, என் மேல கோவமா?" என்று கேட்டேன். "கோவம் இல்லக்கா. அந்தப் பொந்துல பூந்து வந்தா பேசவே தோண மாட்டேன்து" என்றாள். அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டாள்.

எனக்கு இது புதிதில்லை, பிரபு. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கவுன்டர் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி போட்டு, கீழே கையளவு ஓட்டை. நோயாளி குனிந்து அந்த ஓட்டையில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். உள்ளே இருந்த மனுஷன் வீட்டில் தங்கமான ஆள். என் பக்கத்து குவார்ட்டர்ஸ்தான், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். கவுன்டருக்குள் உட்கார்ந்தால் மட்டும், "இன்னா? சத்தமா சொல்லு! காது கேக்கல!" என்று எல்லாரையும் நாயை விரட்டுவது போல விரட்டுவான். ஒரு தடவை கண்ணாடி உடைந்து, புதுசு போடுகிற வரைக்கும் வெறும் மேசைதான் இருந்தது. அந்த நாட்களில் அதே ஆள், "உக்காருங்கம்மா, சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரையைப் போடணும்" என்று நிதானமாகச் சொன்னான். புதுக் கண்ணாடி வந்தது, பழைய குரலும் வந்துவிட்டது. நான் அவனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் நம்பவில்லை. "நான் எப்பவும் ஒரே மாதிரிதான் பேசறேன் சிஸ்டர்" என்றான். அவனுக்கு அது தெரியவே இல்லை. அதுதான் இதில் பயங்கரம்.

உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. போர்ட்டிகோவுக்கு நீ கிரில் அடித்துக் கொடுத்தாய், பாதுகாப்புக்கு என்று. கிரிலுக்கு நேர் எதிரே அந்தச் சின்னக் கதவு. பேப்பர் படிக்க உட்கார்ந்த மனுஷன் மெல்ல மெல்லப் பேப்பரை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்க ஆரம்பித்தார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், பை காலியாக வந்ததா நிறைந்து போகிறதா. யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. நாற்காலி அங்கே இருந்தது, கம்பி முன்னால் இருந்தது, கதவு எதிரே இருந்தது, பார்த்தார். ஒரு சாயங்காலம் சுமதி வேலை முடித்து வரும்போது போர்ட்டிகோவிலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏம்மா, பையில இன்னா? ஜாஸ்தியா வீங்கிக்கினு இருக்குது?" நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தேன். சுமதி நின்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும், கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். அவள் ஒன்றுமே பேசாமல் பையைத் திறந்து கம்பிக்கு எதிரே காட்டினாள். டிபன் பாக்ஸும், கடையில் வாங்கின முருங்கைக்கீரையும். காட்டிவிட்டுக் குனிந்து கதவில் நுழைந்து போய்விட்டாள். அவள் கல்யாணப் பத்திரிகைகளை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தவர் உன் அப்பா. "இன்னாங்க இது?" என்று கேட்டேன். "சும்மா கேட்டேன். கேக்கறதுல இன்னா தப்பு?" என்றார். எனக்கு அப்போதே அந்தக் கிரிலைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அப்புறம் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் காணாமல் போயிற்று. யார் எடுத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேமராவிலும் ஒன்றும் இல்லை. ஆனால் நகர்க்காரர்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தேகமே இல்லை. "அந்தக் கதவு வழியாத்தான்" என்றார்கள். ஹைவே பக்கம் திறந்து கிடக்கிற பெரிய வளைவு வழியாக லாரி ஓட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போயிருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வழியாக வருகிறவர்கள் குனிவதில்லை, அதனால் அவர்கள் மேல் சந்தேகமும் இல்லை. நீ உடனே கதவைப் பூட்டச் சொன்னாய். பிறகு தகரத்தை எடுத்துவிட்டுச் செங்கல் சுவரே எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாய். நான் போனில் கெஞ்சினேன். "சேஃப்டிமா. அவங்களுக்கு வேற வழியா இல்ல?" என்றாய்.

இருக்கிறது, கண்ணு. உனக்கே தெரிந்த வழிதான். ஒன்று தண்டவாளத்துக்குக் கீழே போய்ச் சுற்றி வருகிற ரயில்வே சப்வே. மழைக்காலத்தில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இப்போதும் நிற்கிறது. இன்னொன்று தண்டவாளத்தை ஒட்டி நடந்து, கானாற்றுப் பாலத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டில் ஏறி ஹைவேக்கு வருவது. அந்தப் பாலம் ரயிலுக்காகக் கட்டினது. மனுஷனுக்கு அதில் இடம் வைக்கவில்லை. ஓரமாக ஒதுங்க ஒரு சாண் கிடையாது. கீழே கானாறு. பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும், ரெண்டு தடவை விட்டால் வேலைக்கே வராதே என்பார்கள். அதனால் அந்தப் பெண்கள் பாலத்தில் ஓடுகிறார்கள். சாப்பாட்டுப் பையோடு, மழையில், தண்டவாளக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடுகிறார்கள்.

புதன்கிழமை காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பால் வாங்க ஹைவே பக்கம் போயிருந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஓவென்று அழுகிற சத்தம். "அக்கா, நர்ஸக்கா, சுமதி கை ஒடஞ்சிப் போச்சுக்கா!" ரயில் வருகிறது என்று ஓடியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுக்குக் கால் இடறியிருக்கிறது. சுமதி திரும்பி ஓடி அவளை இழுத்துக்கொண்டு பாலத்தின் முனையிலிருந்து ஜல்லிச் சரிவில் உருண்டிருக்கிறாள். ரயில் அவர்கள் தலைமாட்டில் போயிருக்கிறது. கூட வந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து தகரத்தருகே கிடத்தியிருக்கிறார்கள். ஐயோ, பிரபு, இதை எழுத முடியவில்லை எனக்கு. நான் ஓடிப் போய்க் கதவைத் தள்ளுகிறேன், பூட்டு. தகரத்துக்கு இந்தப் பக்கம் நான், ஒரு முழத் தூரத்தில் அவள் முனகுகிறாள், என்னால் தொட முடியவில்லை. எத்தனை பேருக்குக் கட்டுப் போட்ட கை இது! வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "சாவி இருக்குதும்மா. ஆனா சார் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. வேலை போய்டும்மா" என்று கையைப் பிசைகிறான். "உங்க சாரைப் பெத்தவ சொல்றேன், தெறடா!" என்று நான் கத்தின கத்தலில் அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டது. திறந்து பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. வாட்ச்மேன்தான் பயந்துகொண்டே பூட்டைத் திறந்தான்.

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அந்தக் கதவில் நுழைந்தேன். குனிந்தேன், முழங்கால் வலி உயிர் போயிற்று. இரும்புப் பட்டையில் கால் தட்டி, தகரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அட்டையைக் கிழித்து வைத்துச் சுமதியின் கையைக் கூட வந்த பெண்ணின் துப்பட்டாவால் கட்டினேன். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, பஸ் போய்டுச்சா?" என்று கேட்டாள். ஆட்டோ சப்வேயைத் தாண்டி வர முடியவில்லை. கடைசியில் நாலு பேர் நாற்காலியில் தூக்கிக்கொண்டு, நம் நகர் வழியாகத்தான் போக வேண்டும் என்று கதவுக்கு வந்தார்கள். நாற்காலி அதில் நுழையவில்லை. அடிபட்டவளை இறக்கி, குனிய வைத்து, தலையை அழுத்திப் பிடித்து நுழைத்தோம். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் திரும்பப் போய், அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, காயத்தைத் துடைத்துவிட்டு, கீழே கிடந்த சுமதியின் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். தூறல். முந்தானையைத் தலையில் போட்டிருந்தேன். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவில் குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன். எதிரே என் வீடு. கம்பிக்குப் பின்னால் நாற்காலி, மேலே கேமரா. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யாமலே எனக்கு உடம்பு கூசியது, சுற்றும் முற்றும் பார்த்தேன். அதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த உன் அப்பா கம்பிக்குள்ளிருந்து அதட்டினார். "ஏய், யாரும்மா அது? நில்லு. பையில இன்னா?"

என்னைத்தான் கேட்டார். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணினவளை. நான் முந்தானையை இறக்கினேன். அவர் முகம் செத்துப்போனது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சி வந்தியா... ஆள் தெரியல" என்றார். பிறகு, "எனக்கு இன்னா ஆச்சுன்னே தெரிலடி" என்று தேம்பித் தேம்பி அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரபு. அவர் நல்லவர்தான். நல்லவரைக் கொண்டுபோய் நீ ஒரு கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்து, எதிரே ஒரு பொந்தைக் காட்டினாய். அதற்கு மேல் அவர் செய்ததெல்லாம் அந்த நாற்காலி செய்தது. நாளைக்கு இந்த நகரில் இருக்கிற குழந்தைகள் அந்தச் சுவரைப் பார்த்தபடியே வளர்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்பார்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை, சுவரே சொல்லிக் கொடுத்துவிடும்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தத் தகரத்தை எடு. பைக் வரக் கூடாது, அவ்வளவுதானே? வழியின் குறுக்கே ஆள் போகிற இடைவெளி விட்டுக் கருங்கல் கம்பம் நடு. பைக் நிற்கும், மனுஷன் நிமிர்ந்து போவான். உன் படிப்புக்கு இது தெரியாததா? உனக்கு நன்றாகத் தெரியும். "காலனிக்கு வழி இருந்தா மனை போக மாட்டேன்துமா" என்று முன்னொரு நாள் நீ சொன்னதுதான் நிஜம், சேஃப்டி எல்லாம் பேச்சு. மனை போகாவிட்டால் போகட்டும். நீ கஷ்டப்படுவாய், எனக்குத் தெரியும், உன் கஷ்டம் எனக்கு வலிக்காதா? ஆனால் அந்தப் பாலத்தில் ஒருத்தி செத்தால் என் மகன் கட்டின சுவரால் செத்தாள் என்று தெரிந்துகொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன், சொல். எனக்கு ராத்திரி தூக்கமில்லை. ரயில் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தகரத்தருகே நிற்கிறேன்.

திங்கட்கிழமை வரை பார்ப்பேன். உன்னிடமிருந்து பதில் இல்லையென்றால் நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். சுமதி ஒடிந்த கையை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது, வீட்டில் ஆள் வேண்டும். அவளிடம் சொன்னேன். "இன்னாக்கா பேஜார் பண்றே, உம்புள்ள எங்க மேல கேஸ் குடுத்துடப் போறாரு" என்று பயப்படுகிறாள். நான் கேட்கப் போவதில்லை. உன் அப்பாவிடம் சொன்னபோது நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "என்னை உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் காலனியில் நுழைய அவர் இப்படிக் கேட்கிறார். வாங்க, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். மருந்து மாத்திரையையும் ரெண்டு புடவையையும் எடுத்து வைத்துவிட்டேன்.

நீ சுவர் எழுப்பினால் எழுப்பிக்கொள், தடுக்க எனக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், உன் கார் வராது, சப்வேயில் தண்ணீர் நிற்கும். ரயில்வே கேட்டில் வண்டியை விட்டுவிட்டுத் தண்டவாளத்தோடு நடந்துதான் வர வேண்டும். பாலத்தில் ஏறும்முன் ரெண்டு பக்கமும் பார். காதில் போனை வைத்துக்கொண்டு ஏறாதே. மழையில் கட்டை வழுக்கும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். நடுவில் வரும்போது சத்தம் கேட்டால் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே, ஓடி வந்துவிடு, கண்ணு. அங்கே ஒதுங்க இடமில்லை.

அம்மா